பார்சிலோனா பக்கத்துல கொடோர்னியு ஒயினரி: காரைக்குடி புள்ளைகள ஐ.வி. கூட்டிட்டுப் போய் வந்த ரிவியூ

ஃபுட் டெக்னாலஜி, கேட்டரிங், மைக்ரோபயாலஜி இந்த மூணுல எது படிக்கிற புள்ளைகளுக்கா இருந்தாலும் சரி, வெளிநாட்டுக்கு ஒரே ஒரு ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட், தொழில் நடக்குற எடத்த நேர்ல போய்ப் பாக்குறது) தான் போட முடியும்னா நான் இந்த இடத்தத்தான் சொல்லுவேன். ஸ்பெயின்ல பார்சிலோனாவுலேருந்து 45 கிலோமீட்டர் வாக்குல சன்ட் சதுர்னின்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருக்கிற கொடோர்னியு ஒயினரி. நம்ம பக்கம் காலேஜ்ல வேல பாக்குறவங்க, புள்ளைய அனுப்பலாமா வேணாமான்னு யோசிக்கிற அப்பா அம்மாக்கள் ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

ஒயின் ஃபேக்டரின்னு சர்க்குலர்ல போட்டதுமே எங்க காலேஜ்ல போன் அடிக்க ஆரம்பிச்சிருச்சு. தேவகோட்டையிலேருந்து ஒரு புள்ளையோட அப்பத்தா நேராவே கெளம்பி வந்துட்டாக. "ஏன் டீச்சரம்மா, படிக்கிற புள்ளைகள சாராயம் காச்சுற எடத்துக்கா கூட்டிட்டுப் போறீக?" ன்னு கேட்டாக. அவங்க கேட்டதுல தப்பே இல்ல, அந்த பயம் நியாயமான பயம், இந்த ஊர்ல குடியால அழிஞ்ச குடும்பம் எத்தனைன்னு அவங்களுக்குத் தெரியும் எனக்கும் தெரியும். நான் அவங்கள உக்கார வச்சு, ஆத்தா, ராத்திரி ஆட்டி வச்ச இட்லி மாவு காலையில பொங்கி நிக்குதுல்ல, அத பொங்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுரப் பத்தித்தான் இதுக மூணு வருஷமா படிக்குதுக, அதே மாதிரி ஒண்ண வச்சு ஒரு ஊரே பொழைக்குது, அதப் பாக்கத்தான் போறோம்னு சொன்னேன். குடிக்க மாட்டோம்னு எழுதியும் குடுத்தோம். அங்க 18 வயசு ஆனா குடிக்கலாம், நம்ம தமிழ்நாட்டுல 21, எங்க புள்ளைகள்ல பாதிப் பேரு ரெண்டுக்கும் நடுவுல. அதனால எங்க ரூல் யாரும் குடிக்கக் கூடாது, கூட வந்த ஸ்டாஃபும் சேத்துத்தான். ஒயினரிக்கு மெயில்லயே இத சொல்லிட்டோம், அவங்க ஒரு கேள்வி கூட கேக்காம டேஸ்டிங் நேரத்துல புளிக்காத திராட்சைச் சாறு வச்சுட்டாங்க. எனக்கு மொத மரியாதை வந்தது அங்கதான்.

இடத்தப் பத்தி. கொடோர்னியு குடும்பம் ஒயின் பண்ணுனதுக்கு 1551லேயே எழுத்துல ஆதாரம் இருக்கு. 1659ல அந்த வீட்டுப் பொண்ணு அன்னா கொடோர்னியுவ ரவென்டோஸ் குடும்பத்துல கட்டிக் குடுத்தாங்க, அதுலேருந்து ரவென்டோஸ் குடும்பம்தான் நடத்துச்சு. 1872ல ஜோசப் ரவென்டோஸ், பிரான்ஸ்ல ஷாம்பெய்ன் பண்ற அதே முறையில, பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவ புளிக்க வச்சு, நுரைக்கிற ஒயின் போட்டாரு. இன்னைக்கு காவான்னு உலகம் பூரா விக்கிறது அந்த வழியில வந்ததுதான். 2018ல கார்லைல்ங்கிற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பெரும்பங்க வாங்கிருச்சு. பரம்பரைத் தொழில் கை மாறுறத நம்ம ஊர்லயும் நெறையா பாத்துட்டோம், அதனால இத கேட்டப்ப எனக்கு மனசு என்னமோ பண்ணுச்சு.

கட்டடம்! இதப் பத்தி எழுதாம போக முடியாது. ஜோசப் புச் இ கடஃபால்க்னு கட்டலோனியா (பார்சிலோனா இருக்கிற மாகாணம்) ஆர்க்கிடெக்ட், பார்சிலோனாவுல காசா அமட்லேர் கட்டுனவரு, 1895ல ஆரம்பிச்சு 1915ல முடிச்சிருக்காரு. செங்கல்லும் கல்லும் வச்சு பெரிய பெரிய வளைவு, உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா கோயில் மண்டபம்தான் ஞாபகம் வருது. 1976லயே தேசிய சின்னமா அறிவிச்சுட்டாங்க. ஆனா என்னை அசத்துனது அழகு இல்ல. நூறு வருஷத்துக்கு மேல ஆன கட்டடம், இன்னும் அந்த வளாகத்துல வேல நடக்குது, ஆளு வர்றாங்க போறாங்க, சம்பளம் வாங்குறாங்க. நம்ம செட்டிநாட்டு ஊருகள யுனெஸ்கோ தற்காலிகப் பட்டியல்ல 2014லயே சேத்தாச்சு, ஆனா கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் எங்க போனாலும் பூட்டுன வீடு எத்தனை, வருஷத்துக்கு ஒரு தடவ படைப்புக்கோ கல்யாணத்துக்கோ தொறந்து கூட்டிட்டு மறுபடி பூட்டிடுறாக, இல்லாட்டி தூணையும் நெலையையும் கழட்டி வித்துடுறாக. உள்ள ஒரு தொழில் நடந்தா கட்டடம் தானா நிக்கும்னு புள்ளைகளுக்கு நான் தனியா பாடம் எடுக்க வேண்டியிருக்கல, அதுகளே பஸ்ல பேசிட்டு வந்துச்சுக.

அப்புறம் கீழ எறக்கிட்டுப் போறாங்க. அஞ்சு தளம், மொத்தம் 30 கிலோமீட்டர் சுரங்கம், சின்ன ட்ரெயின்ல உக்காந்துதான் சுத்தணும். வெளிய செப்டம்பர் வெயிலு, உள்ள சிலுசிலுன்னு 15 டிகிரி பக்கம், வருஷம் பூரா அதே குளிருதானாம். ஏசி கெடையாது, மண்ணோட ஆழம்தான் ஏசி. ரெண்டாவது ஃபெர்மென்டேஷன் மெதுவா நடக்கணும், சூடு ஏறி எறங்குச்சுன்னா புளிக்க வைக்கிற ஈஸ்ட்டுக்கும் ஆகாது, நுரையும் பெருசு பெருசா வந்து சீக்கிரம் அடங்கிடும், அதுக்குத்தான் இவ்வளவு பள்ளம் தோண்டியிருக்காங்க. க்ளாஸ்ல டெம்பரேச்சர் கன்ட்ரோல்னு நான் எத்தனையோ தடவ போர்டுல எழுதியிருக்கேன், அங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நின்னப்பத்தான் அதுகளுக்கு உறைச்சுச்சு.

வேல எப்படி நடக்குதுன்னு சுருக்கமா. மக்கபேவு, ஷரேல்லோ, பரெல்லாடான்னு மூணு உள்ளூர் வெள்ளைத் திராட்சை, இதுதான் காவாவுக்கு அடிப்படை. மொதல்ல சாதா ஒயினா புளிக்க வச்சிடுறாங்க. அப்புறம் பாட்டில்ல ஊத்தி, லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சக்கரையும் ஈஸ்ட்டும் சேத்து, சோடா பாட்டில் மூடி மாதிரி ஒரு மூடி போட்டு, படுக்க வச்சு அடுக்கிடுறாங்க. ஈஸ்ட்டு அந்த சக்கரையத் தின்னு கார்பன் டை ஆக்சைடு விடுது, அதுக்கு வெளிய போக வழி இல்ல, ஒயின்லயே கரையுது, உள்ள அழுத்தம் 6 அட்மாஸ்ஃபியர் வரைக்கும் ஏறுது. வெறும் பாட்டிலத் தூக்கிப் பாத்தா கனம் கனம்னு இருக்கு, அந்த அழுத்தத்துக்கு சாதா கண்ணாடி தாங்காது. சக்கரை தீந்ததும் ஈஸ்ட்டு செத்து அடியில படியுது. செத்ததும் வேல முடிஞ்சிடல, அது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு, சுட்ட ரொட்டி வாசனை ஒண்ண ஒயினுக்குக் குடுக்குது. நாள் ஆக ஆக அந்த வாசனை ஏறும்.

சாதா காவா கொறைஞ்சது 9 மாசம் அப்படிக் கெடக்கணும், ரிசர்வா 18 மாசம், கிரான் ரிசர்வா 30 மாசம், இதெல்லாம் சட்டம். கைடு இத சொல்லி முடிச்சதும் எங்க பையன் ஒருத்தன், நகரத்தார் வீட்டுப் பையன், கைய தூக்கிட்டான். "இத்தன பாட்டில்ல முடங்கிக் கெடக்குற முதலுக்கு வட்டி யாரு கட்டுறது?" கைடுப் பொண்ணு சிரிக்கல, ரொம்ப நல்ல கேள்வின்னு சொல்லி, ட்ரெயின நிப்பாட்டச் சொல்லி, விலை ஏன் ரிசர்வாவுக்கு ஏறுது, அறுவடை அன்னைக்கே விவசாயிக்குக் கணக்கு ஆரம்பிச்சிடுது ஆனா பாட்டில் காசு எப்ப கைக்கு வருதுன்னு நின்னு நிதானமா வெளக்குனாங்க. பாட்டன் பூட்டன் பர்மாவுலயும் மலேயாவுலயும் வட்டிக் கணக்குப் பாத்த வீட்டுலேருந்து வந்தவனுக்கு வேற எந்தக் கேள்வி மொதல்ல வரும்? அவன் பேரன்ட்ஸ் மீட்டிங்ல இத சொன்னப்ப அவங்க அப்பச்சிக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு.

அந்த செத்த ஈஸ்ட்ட வெளிய எடுக்குற வேலதான் புள்ளைகளுக்கு ரொம்பப் புடிச்சது. மரப்பலகையில ஓட்டை போட்டு பாட்டில தலைகீழா சொருகி, தெனமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் திருப்பி, கசடு எல்லாத்தையும் கழுத்துக்குக் கொண்டு வர்றாங்க. ஒரு பாட்டில எடுத்து பின்னாடி லைட்டு அடிச்சுக் காட்டுனாங்க. பக்கவாட்டுல சன்னமா ஒரு வெள்ளைக் கோடு, மாவு மாதிரி, அத லேசா கால்வட்டம் கூட இல்லாம திருப்புனதும் அந்தக் கோடு அப்படியே வழுக்கிக் கழுத்துப் பக்கம் எறங்குது. பின்னாடி நின்ன புள்ளைகளெல்லாம் முண்டியடிச்சு முன்னாடி வந்து, திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி, அந்தப் பொண்ணும் சலிக்காம காட்டுனாங்க. இப்ப பெரும்பாலும் மெஷின்தான், 504 பாட்டில் புடிக்கிற இரும்புக் கூண்ட மோட்டார் திருப்புது, கையில வாரக் கணக்குல ஆகுறது இதுல சில நாள்ல முடிஞ்சிடுது. இந்த மெஷினோட பொறப்பே கட்டலோனியாவுலதானாம். அப்புறம் பாட்டில் கழுத்த மட்டும் மைனஸ் 25 டிகிரி பக்கம் குளிர்ந்த கரைசல்ல முக்கி உறைய வச்சு மூடியத் தொறந்தா, உள்ள இருக்கிற அழுத்தமே அந்தக் கசடுக் கட்டிய டப்புன்னு வெளிய தள்ளிடுது. கொறைஞ்ச இடத்துக்குக் கொஞ்சம் ஒயினும் சக்கரையும் சேத்துக் கார்க் அடிக்கிறாங்க. எவ்வளவு சக்கரைங்கிறதுதான் லேபிள்ல ப்ரூட் நேச்சர், ப்ரூட்னு வருது, நேச்சர்னா லிட்டருக்கு 3 கிராமுக்குள்ள, ப்ரூட்னா 12க்குள்ள. ஹோட்டல் வேலைக்குப் போற புள்ளைகளுக்கு இது சோறு போடுற விஷயம், கப்பல் வேலைக்கோ துபாய்க்கோ இன்டர்வியூ போனா கட்டாயம் கேப்பாங்க, குடிக்கிறவனா இருக்கணும்னு இல்ல, தெரிஞ்சிருக்கணும்.

இப்ப ஒரு விஷயம், இதுக்காகவே நான் இந்த ரிவியூவ எழுத உக்காந்தேன்னு கூட சொல்லலாம். ஒயின எப்படித் தெளிய வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு. காவாவுக்கு பென்டோனைட்னு ஒரு களிமண்ணு போடுவாங்க, ஆனா பழைய காலத்துலேருந்து ரெட் ஒயினுக்கு முட்டை வெள்ளைக்கரு அடிச்சு ஊத்துறது வழக்கம், 225 லிட்டர் ஓக் பீப்பாய்க்கு நாலஞ்சு முட்டை, அந்த புரோட்டீன் போய் துவர்ப்பு குடுக்குற டேனினப் புடிச்சுக்கிட்டு கட்டியா அடியில போய்ப் படிஞ்சிடும்னு கைடு சொன்னாங்க. ஒடனே ஆத்தங்குடிப் பொண்ணு ஒண்ணு, க்ளாஸ்ல வாயே தொறக்காத புள்ள, "மேம், நம்ம வீட்டுச் சுவத்துக்கும் முட்டை வெள்ளைக்கருதானே போட்டாக"ன்னு என்கிட்ட தமிழ்ல சொல்லுச்சு. நீயே இங்கிலீஷ்ல சொல்லும்மான்னேன். சொல்லுச்சு. சுண்ணாம்பு அரைச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வச்ச தண்ணி விட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேத்து, கல்ல வச்சுத் தேச்சுத் தேச்சு முகம் பாக்குற மாதிரி மெருகேத்துவாக, எங்க ஐயா வீட்டுச் சுவரு இன்னும் தொட்டா சில்லுன்னு இருக்கும்னு போன்ல போட்டோ எடுத்துக் காட்டுச்சு. கைடுப் பொண்ணு போன வாங்கி பெருசு பண்ணிப் பாக்குறாங்க, கடுக்காய்னா என்னன்னு கேக்குறாங்க, இன்னொரு பையன் கடுக்காய்லயும் டேனின்தான் இருக்குன்னு எடுத்துக் குடுக்குறான். அப்ப நம்ம பூச்சுலயும் ஒரு பக்கம் டேனின், ஒரு பக்கம் புரோட்டீன், நடுவுல சுண்ணாம்புன்னு ஆரம்பிச்சு பேச்சு நின்னபாடில்ல. பின்னாடி வந்த குரூப் எங்களத் தாண்டிப் போயிருச்சு, யாரும் எங்கள அவசரப்படுத்தல. ஐரோப்பாவுல முட்டை, பால் சேத்துத் தெளிய வச்ச மிச்சம் ஒயின்ல இருந்தா 2012லேருந்து லேபிள்ல கட்டாயம் போடணும்னு சட்டத்தையும் அதோட சேத்தே சொல்லிக் குடுத்துட்டாங்க, அலர்ஜன் (அலர்ஜி குடுக்குற பொருள்) சட்டம்னு நான் ஒரு முழு பீரியட் எடுத்தாலும் இந்த அளவுக்கு மண்டையில ஏறாது.

பார்சிலோனாவுல பழைய வீடுகள்ல தரையக் கண்டிப்பா பாருங்க, கலர் கலரா சிமென்ட் டைல்ஸ், நம்ம ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒண்ணு விட்ட தங்கச்சின்னே சொல்லலாம். அங்க பிரஸ்ல வச்சு அழுத்திப் பண்றது, நம்மாளுக கண்ணாடி மேல கையாலயே கலர ஊத்தி வார்க்குறது. ஆத்தங்குடிப் பொண்ணுக்கு அங்கயும் ஒரே குஷி.

வெளிய தோட்டத்துல இன்னொரு பாடம். 1887 வாக்குல ஃபில்லோக்ஸெரான்னு வேர்ப் பூச்சி இந்தப் பக்கம் வந்து இருந்த கொடியெல்லாம் மொத்தமா நாசமாயிருச்சு. அமெரிக்கக் கொடியோட வேருக்கு அந்தப் பூச்சியத் தாங்குற சக்தி உண்டு, அதனால அடியில அமெரிக்க வேரு, மேல உள்ளூர் கொடின்னு ஒட்டுக் கட்டி மறுபடி வச்சாங்க. மறுபடி வைக்கும்போது செவப்பு வகையக் கொறைச்சு, நுரை ஒயினுக்கு ஏத்த வெள்ளை வகையா பாத்து வச்சாங்க, அந்தப் பேரழிவுல பொறந்ததுதான் இன்னைக்கு இருக்கிற காவா நாடு. அந்த ஒட்டுப் போட்ட முடிச்ச தரையோட தரையா கொடியில தொட்டே பாக்கலாம். அப்புறம் வறட்சி. 2021லேருந்து 2024 வரைக்கும் கட்டலோனியாவுல மழையே சரியா இல்ல, 2024 பிப்ரவரியில பார்சிலோனாவுக்கே தண்ணி எமர்ஜென்சி அறிவிச்சாங்க, பெனெடெஸ்ங்கிற இந்த ஒயின் பகுதியில கொடிகளே காஞ்சு செத்திருக்கு. சிவகங்கை மாவட்டத்துப் புள்ளைகளுக்கு வறட்சிய யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம். வீட்டு முற்றத்துல விழுற மழைத் தண்ணிய ஊரணிக்குக் கொண்டு போற கதையெல்லாம் நம்ம பக்கத்துலேருந்து போச்சு, அவங்க கவனமா கேட்டாங்க.

அடுத்த நாள் வேற ஒரு ஊர்ல இன்னொரு ஒயினரிக்கு எங்க டிராவல்ஸ்காரரு கூட்டிட்டுப் போனாரு, பேரு வேணாம். வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டுனாங்க, கிளாஸ நீட்டுனாங்க, குடிக்க மாட்டோம்னு சொன்னதும் முகம் சுருங்கிருச்சு, நேரா கடைக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க. புள்ளைக கேட்ட கேள்விக்கு பதில் சொல்ல அங்க ஆளே இல்ல. டூரிஸ்ட்டுக்கு அது போதும், படிக்கிற புள்ளைக்கு அது வீண் செலவு. அதனாலதான் திரும்பத் திரும்ப சொல்றேன், ஒயினரின்னு பொதுவா புக் பண்ணாதீங்க, ஸ்டூடண்ட் குரூப், இன்ன கோர்ஸ் படிக்கிறாங்க, இன்னின்னது பாக்கணும்னு நீங்களே நேரா மெயில் போட்டுக் கேளுங்க. டிராவல்ஸ்காரரு பேக்கேஜ்ல மூணு ஒயினரி போட்டா ரெண்ட வெட்டிட்டு அந்த நேரத்த ஒண்ணுக்கே குடுங்க.

போறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் அறுவடை, ரோட்டுல திராட்சை ஏத்திக்கிட்டு டிராக்டர் வரிசையா போறதப் பாக்கலாம், செமஸ்டர் நடுவுல வந்தாலும் அப்பவே போங்க. மே லீவுல போனா கொடி பச்சையா இருக்கும், பழம் இருக்காது, ஆனா சுரங்க வேல வருஷம் பூரா நடக்குது. கொறைஞ்ச ஆளா இருந்தா பஸ் எதுக்கு, பார்சிலோனா சான்ட்ஸ் ஸ்டேஷன்லேருந்து ஆர் 4 லோக்கல் ட்ரெயின் நேரா சன்ட் சதுர்னிக்குப் போகுது. ஸ்பெயினுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் கொறையாத இன்சூரன்ஸ் வேணும், அப்பாயின்ட்மென்ட் சீக்கிரமே போட்டுருங்க, குரூப்ல ஒருத்தர் பேப்பர் சரியில்லாட்டி எல்லாருக்கும் டென்ஷன். சுரங்கத்துக்குள்ள போக ஸ்வெட்டரும் ஷூவும் கட்டாயம், சுடிதார் துப்பட்டா ட்ரெயின்ல மாட்டாம கட்டிக்கச் சொல்லுங்க. சாப்பாட்டுக்கு பயப்பட வேணாம், ரொட்டியில பூண்டும் தக்காளியும் தேச்சு ஆலிவ் எண்ணெ விட்டுத் தர்றாங்க, சைவப் புள்ளைகளும் வயிறு நெறைய சாப்டுச்சுக, ஆனாலும் பெட்டியில இட்லிப் பொடியும் சீப்புச் சீடையும் இருக்கிறது நல்லதுதான். கைடு இங்கிலீஷ் நல்லா புரியுற வேகம்தான், இருந்தாலும் தமிழ் மீடியத்துலேருந்து வந்த புள்ளைகளுக்கு முன்னாடியே ஈஸ்ட், டேனின், படிவு, அழுத்தம்னு ஒரு அரை நாள் உக்கார வச்சு சொல்லிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க, அப்பத்தான் கேள்வி கேக்கும்.

வந்த பெறகு எங்க லேப்ல ஒரு குரூப் கம்பம் பன்னீர் திராட்சையோட சக்கையிலேருந்து வினிகர் பண்ணிக்கிட்டு இருக்குதுக, ஆத்தங்குடிப் பொண்ணு கடுக்காய்த் தண்ணியில டேனின் அளவு எடுக்குறத ப்ராஜெக்ட்டா எழுதிக் குடுத்திருக்கு. அடுத்த பேட்ச்சுக்கும் கொடோர்னியுதான்னு டிபார்ட்மென்ட்ல முடிவு பண்ணிட்டோம், தேவகோட்டை அப்பத்தாவோட ரெண்டாவது பேத்தி பேரும் லிஸ்ட்ல இருக்கு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தது அப்பத்தாவேதான்.